மீண்டும் வருவீர்களா

மூன்று பேராசிரியர்களுக்கு ஒரே கோடையில்
கணக்கெடுக்கிறவள் நான்.
படிவம் ஒன்றுக்கு நாற்பது ரூபாய்.
பஸ் செலவு தனி என்றார்கள்,
இன்னும் தனியாகத்தான் இருக்கிறது.

எல்லாம் வெள்ளைத் தாள்தான்.
ரப்பர் பேண்டின் நிறம் பார்த்துப் பிரிப்பேன்:
நீலம் ஒகேனக்கல்லுக்கு,
மஞ்சள் கிருஷ்ணகிரி மாங்கூழ் ஆலைகளுக்கு,
சிவப்பு, தருமபுரி பெரியாஸ்பத்திரியில்
கீமோ ஏறிக்கொண்டிருப்பவர்களுக்கு.

"நிலைத்த வணிகம்னா என்னம்மா,
இந்த சீசன் நிலைச்சா போதாதா?"
என்று கேட்டார் ஆலைக்காரர்.
வெளியே பெங்களூரா மாங்கொட்டைகள்
லாரி உயரத்துக்குப் புளித்துக் கிடந்தன.
கேள்வி ஒன்பது: கழிவு மீண்டும் பயனுக்கு வருகிறதா?
முற்றிலும் ஒப்புக்கொள்கிறேன்
என்ற கட்டத்தில் டிக் அடித்தார்,
இன்னொரு கையால் மூக்கைப் பொத்திக்கொண்டு.

ஒகேனக்கல்லில் யாரும் பேனா தொடமாட்டார்கள்,
கையெல்லாம் எண்ணெய்.
பாறைமேல் குப்புறக் கிடந்த ஓசூர்க்காரர்
முதுகில் அடி விழ விழ
விட்டு விட்டுப் பதில் சொன்னார்.
குப்பையை எங்கே போடுவீர்கள்?
தலை தூக்காமல் கையை மட்டும் நீட்டினார்.
கை காட்டிய பக்கம் ஆறு.
மீண்டும் வருவீர்களா, ஒன்று முதல் ஐந்துக்குள்?
"அஞ்சு.
தண்ணி இருந்தா அஞ்சு."

திரும்பும்போது பென்னாகரம் தாண்டி ஒரு வளைவில்
நீலம் அறுந்தது, சிவப்பும்.
தாள்கள் சீட்டுக்கடியில் பறந்தன.
கண்டக்டரும் ஒரு பள்ளிக்கூடப் பையனும்
பொறுக்கித் தந்ததை
அப்படியே பைக்குள் திணித்தேன்.

மறுநாள் வார்டில், ஆறாம் கட்டில்.
பெயர் கேட்கக்கூடாதென்பது விதி.
அவரே சொன்னார்: முனிலட்சுமி, மாரண்டஅள்ளி,
தக்காளி மண்டியில் கூடை தூக்குகிறவர்.
பையிலிருந்து மேலே இருந்ததை எடுத்துப் படித்தேன்.

எப்படி வந்தீர்கள்?
"ரெண்டு பஸ்."
குடும்பத்துடனா, நண்பர்களுடனா, தனியாகவா?
"தனியா."
எத்தனை நாள் தங்குவீர்கள்?
"இந்த பாட்டில் எறங்கற வரைக்கும்."
இங்கே உங்களைக் கவர்ந்தது எது?
சுற்றிப் பார்த்தார். நிதானமாகப் பார்த்தார்.
"ஃபேனு" என்றார்.

அப்போதுதான் எனக்கு உறைத்தது.
தாளின் நெற்றியைப் பார்த்தேன்:
சுற்றுலாப் பயணியர் நடத்தை.
ஆனால் பழகிப்போன வாய்
அடுத்த கேள்விக்குப் போய்விட்டிருந்தது:
மீண்டும் வருவீர்களா?

சிரித்துவிட்டார்.
சிரித்ததும் வாய்ப்புண் சுண்டி
துண்டால் உதட்டை ஒற்றிக்கொண்டார்.
"வெல ஏறுனா மண்டியில வேல ஜாஸ்தி,
லீவு கேட்டா வேற ஆளப் போட்டுக்குவான்.
வெல விழுந்தா வேல இல்ல,
பஸ்ஸுக்குக் காசு இல்ல.
அஞ்சுக்குள்ள இத எங்கம்மா போடுவ?"

நான் ஒன்றிலும் போடவில்லை.

சிவப்புக் கட்டின் பேராசிரியர்
இதைத்தான் தேடிக்கொண்டிருக்கிறார்:
மூன்றாம் சுற்றுக்குப்பின் ஏன் வராமல் போகிறார்கள்?
பதினெட்டுக் காரணங்கள் அச்சிட்டிருக்கிறார்.
பத்தொன்பதாவது, 'பிற'.
அதற்கு விட்டிருந்த கோடு
என் கட்டைவிரல் அகலம்.

நடந்ததைச் சொன்னேன்.
"அந்தப் படிவத்தை எடுத்துடு,
சராசரி கெட்டுப்போகும்" என்றார்.
நீலக் கட்டுக்காரரும் அதையேதான் சொன்னார்,
இன்னும் மரியாதையாக.
எடுத்துவிட்டேன். நாற்பது ரூபாய் போனது.
தாள் மட்டும் பையிலேயே இருக்கிறது,
மாங்கூழ்க் கறையோடு.

இன்று இருபத்தொன்றாம் நாள்.
எனக்கு வார்டில் வேலை ஒன்றுமில்லை.
பஸ் ஸ்டாண்டில் நிற்கிறேன், ஏனென்று
எந்தக் கட்டத்திலும் டிக் அடிக்கத் தெரியாமல்.
தக்காளி இன்று கிலோ அறுபது என்று
பேப்பர் கடையில் யாரோ சத்தமாகப் படிக்கிறார்.

மாரண்டஅள்ளிப் பக்கம் இருந்து வரும்
பத்தரை மணி பஸ்ஸில் இல்லை.

அடுத்தது பதினொன்றே காலுக்கு.