கடல் மட்டத்திலிருந்து

ஜீரோ கேட் எதிரே
கண்டெய்னர் எண்களைச் சரிபார்க்கும் ஆபீசில்
பதினாறு நாள் லீவு கேட்டேன்.
காரணம்: வெளிநாடு.
"துபாயா, கத்தாரா? என்ன வேலை?"
வேலை இல்லை சார். நடக்கப் போறேன்.
"நடக்கவா?"
மலையில சார்.
மருதையா சார் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார்.
எங்கள் தெருவில் வெளிநாடு போனவர்கள் எல்லோரும்
பணம் அனுப்பப் போனவர்கள்.
பணத்தைக் கொண்டுபோய் அங்கே விட்டுவரக்
கிளம்பியவள் நான் ஒருத்திதான்.

வடசென்னையில் மலை கிடையாது.
உண்டு ஒன்று, கொடுங்கையூரில்.
தினமும் கோணியோடு அதில் ஏறுகிறவர்களை
மலையேறிகள் என்று யாரும் சொல்வதில்லை.

எனக்கு வாய்த்தது கொருக்குப்பேட்டை ஸ்டேஷன் மேம்பாலம்.
ஐம்பத்திரண்டு படி.
ஏறி இறங்கி, ஏறி இறங்கி,
முதுகுப்பையில் பன்னிரண்டு கிலோ ரேஷன் அரிசி.
ஐந்தாம் நாள் சாயங்காலம்
கான்ஸ்டபிள் பிடித்துவிட்டார்.
"கூடூர் வண்டியா? ஆந்திராவுல யாருக்கும்மா கைமாத்துற?"
பையைத் திறந்து கைவிட்டு அளைந்தார்.
பிராக்டீஸ் சார்.
"எதுக்கு?"
கிர்கிஸ்தானுக்கு.
அந்த ஊருக்கு இங்கிருந்து வண்டி உண்டா என்று
ஒரு கணம் யோசித்தார், பாவம்.
மறுநாளிலிருந்து நாலு செங்கல்.

குளிருக்கு அண்ணன் மாக்சிமின் ஜாக்கெட்.
காசிமேட்டு இறால் கம்பெனியில், குளிரறையில்,
மைனஸ் பதினெட்டில் நிற்கிறவன்.
"கிழிச்சுகினு வந்தே, புச்சு நீதான் வாங்கித் தரணும்."
மூன்று தபா துவைத்தும் வாசம் போகவில்லை.

அங்கே, மரங்கள் நின்றுவிட்ட உயரத்தில்,
மந்தையை விட்டுவிட்டு ஒரு நாய்
இரண்டு நாள் என் பின்னாலேயே வந்தது.
பிறந்ததிலிருந்து இறாலே பார்த்திராத நாய்.

மூச்சைப் பற்றி என்ன சொல்ல.
மணலிப் பக்கத்துப் புகையைக் குடித்து வளர்ந்த நெஞ்சு.
சுத்தமான காற்று கடைசியில் கிடைத்தபோது
பாதிதான் கிடைத்தது.
பத்து அடி. நிற்பேன். பத்து அடி.
போலந்துக்காரர்கள் இருவர் கையசைத்து முந்திப் போனார்கள்.
நான் கொருக்குப்பேட்டைப் படிகளை எண்ணிக்கொண்டிருந்தேன்,
ஐம்பத்திரண்டு முடிந்ததும் மறுபடி ஒன்று.

கணவாயில் துருப்பிடித்த தகரப் பலகை.
வழிகாட்டி அய்பெக் படித்துச் சொன்னான்:
கடல் மட்டத்திலிருந்து
மூவாயிரத்து எழுநூற்று நாற்பது மீட்டர்.
சொல்லிவிட்டுக் கேட்டான்,
"நான் கடல் பார்த்ததில்லை. எப்படி இருக்கும்?"

எப்படி இருக்கும்.
ராத்திரி லாரிகள் ஓய்ந்தால் எங்கள் வீட்டுக்குக் கேட்கும்.
டிசம்பரில் சில வருஷம்
மழைத்தண்ணீரை உள்ளே வாங்க மாட்டேன் என்று எதிர்த்து நிற்கும்.
கட்டில் காலுக்குச் செங்கல் வைத்துத் தூக்குவோம்.
அந்த நாலு செங்கல்தான்.

மட்டமான ஏரியா என்பார்கள் எங்கள் பக்கத்தை,
என்னைப் பெண் பார்க்க வந்து
காரை விட்டு இறங்காதவர்கள்.
மட்டம்தான்.
உலகத்து மலைகளையெல்லாம்
அங்கிருந்துதான் அளக்கிறார்கள்.

இதைச் சொல்ல என் இங்கிலீஷ் போதவில்லை.
உள்ளங்கையைத் தட்டையாக விரித்து
என் ஷூவுக்குப் பக்கத்தில், பனியை ஒட்டிப் பிடித்து,
இங்கே என் வீடு என்றேன்.
அய்பெக் குனிந்து பார்த்தான்.
நாயும் வந்து முகர்ந்தது.

திரும்பி வந்து முதல் திங்கட்கிழமை,
லிஃப்ட் என்ற ஒன்று இல்லாத ஹவுசிங் போர்டில்
நாலாம் மாடிக்கு இரண்டு குடம் தண்ணீர் ஏற்றினேன்.
மூச்சு வாங்கவில்லை.
எதிர் வீட்டு ஷகிலா அக்கா
மூன்றாவது குடத்தோடு என்னைத் தாண்டிப் போனாள்.

சாயங்காலம் மேம்பாலம் பக்கம் போனேன்.
படிக்கட்டோரம் விட்டுப்போன செங்கல்கள் மேல்
பலகை போட்டு ஒரு அம்மா கீரை விற்கிறார்.
கேட்கவில்லை.
மழைக்கு இன்னும் நாள் இருக்கிறது.