இனம் வரை

பேரணாம்பட்டு. கச்சாத்தோல் கிடங்கு.
பகல் இரண்டரை.
உப்புத் தூவிய ஆட்டுத்தோல் அடுக்கின்மேல்
அது வந்து உட்கார்ந்ததும் மூச்சை நிறுத்தினேன்.
கைபேசியில் மாட்டிய முந்நூறு ரூபாய் லென்சுக்கு
என் மூச்சே சூறைக்காற்று.

முதல் படம் மங்கல். இரண்டாவதில் வெறும் உப்பு,
ஒவ்வொரு கல்லும் ஒரு கண்ணாடி வீடு.
ஒன்பதாவதில் முதுகு கிடைத்தது:
அணிலுக்கு இருப்பதுபோல் மூன்று கோடு, கறுப்பில்.
வயிறு தாயக்கட்டம். வெளிச்சம் திரும்பினால்
வெள்ளைக் கட்டம் கறுப்பாகிறது,
கறுப்பு வெள்ளையாகிறது.
சிறகின் நான்காம் நரம்பு
நேரே போய்க்கொண்டிருந்துவிட்டு
ஏலகிரி ரோடு மாதிரி சட்டென்று மடங்குகிறது.
தோளருகே முட்கள். நெட்டை இரண்டு, குட்டை இரண்டு.
அந்த நான்கை எண்ண
விரலால் விரித்து விரித்துக் கண் எரிந்தது.

சதை ஈ. அதுவரை நிச்சயம்.

காட்பாடி ஆய்வகத்தில் இருக்கும் தில்ஷாத்துக்குப்
பதினான்கு படம் அனுப்பினேன்.
குரல்பதிவு வந்தது, பின்னால் ரயில் அறிவிப்போடு:
"கண்ணுக்கு நடுவுல இவ்ளோ இடம் இருக்கே, பொண்ணுடி.
வால்பக்கம் சிவப்பு உருண்டையும் இல்ல.
பொண்ணுன்னா இனம் வரைக்கும் போக முடியாது.
சாவியெல்லாம் ஆம்பளைக்குத்தான் செஞ்சு வச்சிருக்காங்க."

ஊறுகாய்ப் பாட்டிலில் அடைத்து வைத்திருந்தேன்.
சாயங்காலத்துக்குள், ஒரு துண்டு ஈரலின்மேல்,
முட்டைகூட இல்லை, நேரே புழுக்கள்.
குருணை அளவில் பதினொன்று.
"வளர்த்துப் பாரு. ஒரு மகன் வரட்டும்,
அம்மா யாருன்னு சொல்லிடலாம்."
இந்த வாக்கியத்தை வேறெங்கோ கேட்டிருக்கிறேன்,
ஈ இல்லாமல்.

மரத்தூள். மூடியில் ஊசி ஓட்டை.
மேஸ்திரி கன்னியப்பன் மூக்கைப் பொத்திக்கொண்டு கேட்டார்:
"இருக்கிற ஈ போதாதா, வளர்க்கவும் வேணுமா?"

பதினைந்தாம் நாள் நான்கு வெளியே வந்தன.
ஒவ்வொன்றையும் இரண்டு நிமிடம் ஃபிரிட்ஜில் வைத்து,
அசையாத நேரத்தில் எடுத்து,
கண்களுக்கு நடுவே பார்த்தேன்.
அகலம்.
அகலம்.
அகலம்.
நான்காவதில் கை நடுங்கிப் படம் கலைந்தது,
மறுபடி எடுத்தேன்.
அகலம்.

மீதி ஏழு கூடும் திறக்கவேயில்லை.

ஜன்னலோரம் மூடியைக் கழற்றினேன்.
நோட்டில் 'இனம்' என்ற கட்டத்தில்
ஒரு கோடு போட்டேன். பக்கத்தில் இடம் இருந்தது.
எழுதினேன்:
பேரணாம்பட்டு. தோளில் முள் நான்கு.
பதினொன்று ஈன்றாள்.