நிகர எடை

பத்துமலை என்று பெயர் வைத்தது வேண்டுதலுக்காக.
கணக்கு வாத்தியார் அதைப்
பத்துக்குப் பத்து என்று மாற்றிக்கொண்டார்.
எனக்கு மூன்று.
மூன்று வாங்குகிறவனுக்கு யாரும் பட்டப்பெயர் வைப்பதில்லை.

பதினோரு வயதில்
அம்மாவின் சம்பளச் சீட்டை எடுத்துக் கூட்டினான்.
திரும்பவும் கூட்டினான்.
அவள் பொறுக்கிய உதிரிப்பழத்தில்
மூட்டைக்கு இரண்டு கிலோ குறைத்திருந்தார் கிராணி.
தோட்ட ஆபீசு வாசலில் நின்று கேட்டான்
நூற்று எண்பது கிலோ எங்கே போச்சு என்று.
மறுநாளே அம்மாவைப் பள்ளக்காட்டுக்கு மாற்றினார்கள்.
கன்னத்தில் அவள் விரல்கள் பதிந்தபடி
பள்ளிக்கு வந்தவன் என்னிடம் கேட்டான்:
"என் கணக்கு சரிதானே?"

எரிச்சல் வரும் அவனோடு இருந்தால்.
சாப்பாட்டுக் கடையில் மீதிச் சில்லறையைத் திருத்துவான்.
கோயில் ரசீதைத் திருத்துவான்.
என் காதல் கடிதத்தில்
ஒற்றுப்பிழை பார்த்துத் திருப்பிக் கொடுத்தான்.
அவள் வேறொருவனைக் கட்டிக்கொண்டாள்,
ஒற்றினால் அல்ல.

ஒரு ஞாயிறு, ஆலையில் ஆளில்லாத நேரம்,
லாரி நிறுக்கும் மேடையில் ஏறினோம்.
இருபது இருபதாகத்தான் தாவும் அது,
இடையில் உள்ளதை விழுங்கிவிடும்.
அவன் நின்றால் இருபது.
நான் நின்றால் இருபது.
சேர்ந்து நின்றோம், அறுபது.
விழுந்து விழுந்து சிரித்தான்.
"பாருடா, நமக்கு நடுவுல ஒருத்தன் நிக்கிறான்."

பிறகு உபகாரச் சம்பளம், விமானம், குளிர் நாடு.
ரயில்கள் ஒன்றையொன்று தொடாமல் ஓட
நேரம் வகுத்துக் கொடுக்கும் வேலை.
பத்தாங் பெர்ஜுந்தை
பெஸ்தாரி ஜெயா ஆனபோது போன் செய்தான்:
"தொங்கிக்கிட்டிருந்த ஊரு
நான் போனதும் அறிவாளி ஆயிடுச்சு."
அந்தச் சிரிப்புக்குப் பின்னால்
ஏதோ ரயிலின் அறிவிப்பு கேட்டது.

அவன் வகுத்த நேரத்துக்குச் சரியாகத்தான்
வந்து நின்றதாம் அந்த ரயில்.
மேடையில் ஒரு பை.
ஒட்டுக்கடைத் தொலைக்காட்சியில் புகையைக் காட்டினார்கள்.
யாரோ பந்தாட்டத்துக்கு மாற்றச் சொன்னார்கள்.
நானும் பார்த்தேன், இரண்டாம் பாதி முழுக்க.
எனக்கு இன்னும் தெரியாது அப்போது.

வைத்தவனின் படமும் பத்திரிகையில் வந்தது.
ரசாயனத்தில் முதல் மாணவனாம்.
அவனுக்கும் ஒரு வாத்தியார் இருந்திருப்பார்
தோளில் தட்டிக்கொடுத்து.
இதை எங்கே வைப்பதென்று தெரியாமல்
தாளை மடித்தேன், விரித்தேன், மடித்தேன்.

பதினெட்டாம் நாள் வேன் வந்தது.
லயத்துக்கு வேறு பாதையில்லை,
ஆலையின் எடைமேடை மேல்தான் ஏறிப் போகவேண்டும்.
கண்ணாடிக்குப் பின்னால் இப்போது நான்தான் கிராணி.
அணைத்திருக்கலாம் இயந்திரத்தை. அணைக்கவில்லை.
2180.
இறக்கிவிட்டு அதே இரண்டு பேரோடு திரும்பியது.
2060.

கழிக்கத் தெரியும் எனக்கு,
மூன்று மதிப்பெண்ணுக்கு அவ்வளவு போதும்.
ஆனால் பெட்டி எவ்வளவு, உள்ளே அடித்த தகரம் எவ்வளவு,
அவன் எவ்வளவு என்று
யாரும் எழுதிக் கொடுக்கவில்லை.
திறக்கக் கூடாது என்று முத்திரை வைத்திருந்தார்கள்.

அவன் அம்மா தவமணி திறக்கச் சொல்லவில்லை.
முப்பது வருடம் மூட்டை தூக்கிய கையைப்
பெட்டிக்கு அடியில் கொடுத்து
ஒரு பக்கத்தை லேசாக உயர்த்திப் பார்த்தாள்.
மெல்ல வைத்தாள்.
என்னைத் திரும்பிப் பார்த்தாள்,
கிராணியைப் பார்ப்பதுபோல.

அவளிடம் சொல்ல என்னிடம் எண் இருந்தது.
சொல்லவில்லை.
அந்தச் சீட்டு சட்டைப்பையில் இருக்கிறது,
மை வெளுத்துக்கொண்டு வருகிறது:
வண்டி எண், தேதி,
சரக்கு என்ற இடம் காலி,
நிகர எடை 120.

நேற்று இரவு கடைசி லாரி போனபின்
மேடையில் ஏறி நின்றேன்.
எண்பது காட்டியது.
இடையில் உள்ளதை விழுங்கிவிட்டு.