அரை நொடி

நீடாமங்கலம் கேட் மூடிக் கிடந்தபோது
ஜெகபர் அண்ணன் கூப்பிட்டார்.
"தையல்நாயகி, சீட்டு வருது.
ஆனா வர்றதுக்கு முன்ன
ஒரு மூச்சு யோசிக்குது."

எடைமேடையில் குறுவை நெல், லாரி லாரியாய்.
சீட்டடிக்கும் மென்பொருள் என்னுடையது.
அப்படிச் சொல்லித்தான் பதினோரு ஆலைக்கு விற்றேன்.

ராத்திரி பிரித்துப் பார்த்தேன்.
நான் எழுதியது நாலாயிரம் வரி.
மற்றபடி நானூற்றுப் பன்னிரண்டு பொதிகள்,
முகம் தெரியாதவர்கள் சும்மா கொடுத்தது.
அதில் ஒரு துணுக்கு,
நாளையும் மாதத்தையும் வரிசையாய் அடுக்கித் தருவது மட்டுமே வேலை,
போன செவ்வாய் தானாகவே புதுப்பித்துக்கொண்டிருக்கிறது.
தேதியை அடுக்கிய கையோடு
ஆலையின் வங்கிக் கடவுச்சொல்லை
எங்கோ அனுப்பியும் வைத்தது.
அரை நொடி அதற்குத்தான்.

விதை மூட்டையில்
நீல அட்டை தைத்திருக்கிறதா என்று
புரட்டிப் பார்க்காமல்
இங்கே யாரும் காசை எடுப்பதில்லை.
நான் நானூற்றுப் பன்னிரண்டையும்
கண்ணை மூடிக் கொட்டியிருக்கிறேன்.

நெற்சக்களத்தி
கதிர் தள்ளும்வரை நெல்தான்.

விடிவதற்குள் பதினோரு போன்.
ஒருவர் வைத்துவிட்டார்.
ஒருவர், "எம் பணம் போச்சா?"
தெரியாது என்றேன். சாவியை மாத்துங்க,
எல்லாத்தையும், இப்பவே.
மூன்று நாள் கார்பன் தாள் வைத்து
சவரிமுத்து கையால் எழுதினார்.
லாரிகள் மன்னார்குடி சாலைவரை நின்றன.
என் பெயரை டிரைவர்கள் சொன்ன விதம்
இங்கே வேண்டாம்.

அந்தத் துணுக்கை முதலில் செய்தவன்
ஒரு குறிப்பு விட்டுப் போயிருந்தான்:
எட்டு வருஷம் ஆயிற்று, களைத்துவிட்டேன்,
நல்லபடியாய்க் கேட்ட ஒருவரிடம் கொடுக்கிறேன்.
எட்டு வருஷம்.
ஒரு நன்றிகூட நான் எழுதியதில்லை.
நல்லபடியாய்க் கேட்டவன்
என் வீட்டுக்குள் வந்திருந்தான்.

இப்போது பதிப்பு எண்களை முடிச்சுப் போட்டிருக்கிறேன்.
கையொப்பம் பொருந்தாதது வாசலிலேயே நிற்கும்.
எதுவும் தானாய் வராது.
எது எங்கிருந்து வந்தது என்று ஒரு பட்டியல்,
ஆலைக்கு ஒரு நகல்.
"இதை வச்சு நான் என்ன பண்ண?" என்றார் அண்ணன்.
மடித்துச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டார்.

நாலாம் நாள் முதல் சீட்டு வந்தது.
தயங்கவில்லை.
அவர் தேதியை மட்டும்
இரண்டு தரம் படித்தார்.

கேட் மறுபடி மூடியிருக்கிறது.
மடியில் கணினி.
முப்பத்தேழாவது பெயரில் இருக்கிறேன்.