ஆறு புள்ளி இரண்டு

பகாவ் முதல் பஸ், சிரம்பான் பெரியாஸ்பத்திரி.
தாலியைக் கழற்றி
சன்னாசியின் சட்டைப்பையில் போட்டேன்;
காந்தத்துக்கு முன்னால் எல்லாம் ஒன்றுதானாம்.

விலாவில் ஒரு தட்டைக் கட்டி
"தாஹான் நாஃபாஸ், ஆண்ட்டி" என்றாள்.
அடக்கினேன்,
செம்பனை வரிசையில் மருந்தடிக்கும்போது
காற்று என் பக்கம் திரும்பினால்
அடக்குவேனே, அப்படி.

தட்டு அதிர்ந்தது.
உள்ளே எவ்வளவு கல், எவ்வளவு ஈரல் என்று
யாரோ கதவைத் தட்டுவதுபோல.

எத்தனை வருஷக் குடி?
மூன்று பேர் கேட்டுவிட்டார்கள்.
ஒரு சொட்டும் இல்லை என்றேன்.
முப்பது வருஷ சம்சு
கேன்டீனில் ரொட்டி சானாய் தின்றுகொண்டிருந்தது.

இரண்டு வாரம் கழித்து
பகாவ் கிளினிக்கில் எண்ணைச் சொன்னார்கள்:
ஆறு புள்ளி இரண்டு.
"நல்ல மார்க்குதானே?" என்றான் சன்னாசி.

தாலியை இன்னும் நான்
திருப்பிக் கேட்கவில்லை.