ரெண்டு மடை

முதல் மாத்திரை பதினாலு மாசம் நின்றது.
காலையில் ஒன்று,
சோற்றுக்கு ஒரு மணி முன்னால்.
மூக்கோரம் பருவெடுத்து
ஐம்பத்து மூன்று வயதில் பள்ளிக்கூடப் பையன் முகமாயிற்று.
"பொண்ணு பாக்கப் போறீயளோ" என்று கேட்டான்
சுத்தமல்லி டீக்கடை பிச்சுமணி.

பீடி தொட்டதில்லை நான்.
நெஞ்சிலிருந்து எடுத்த துணுக்கு
பெங்களூருக்குப் போய், மூன்று வாரம் கழித்து
ஒரு எழுத்துப்பிழையின் பெயரோடு திரும்பி வந்தது.
அந்தப் பிழைக்கென்றே ஒரு மாத்திரை இருக்கிறதாம்.
இருந்தது.

அண்ணனுக்கு அப்படி ஒன்றும் இல்லை.
தொண்ணூற்றெட்டில் அவனுக்கு ஏற்றியது
மருந்தில்லை, வெள்ளம்.
களையும் போச்சு, நாற்றும் போச்சு, வரப்பும் போச்சு.
முடியில்லாத தலையில் துண்டைக் கட்டிக்கொண்டு
ஐந்தாவது ஊசிக்குப் பேட்டையில் பஸ் ஏறினான்.
ஆறாவதற்கு அவன் இல்லை.

பதினைந்தாம் மாச ஸ்கேனில்
கல்லீரல் பக்கம் புதிதாக இரண்டு புள்ளி.
டாக்டர் ஜெபக்கனி மருந்துச் சீட்டைத் திருப்பிப்போட்டு
ஒரு கோடு இழுத்தார்.
"வளருன்னு செல்லுக்குச் சேதி போற வழி இது.
இதைத்தான் மாத்திரை அடைச்சு வச்சிருந்தது.
இப்ப அது..."
"பக்கத்துக் கால்ல ஏறிட்டு" என்றேன்.
பேனா நின்றது.

இருபத்தேழு வருஷம் அணைக்கட்டில் லஸ்கர் வேலை.
நெல்லைக் கால்வாய்த் தலைமதகுச் சாவி
இடுப்பில் கிடந்து கிடந்து
வேட்டியெல்லாம் துருவட்டம்.
எனக்குத் தெரியாதா.
ஒரு மடையை இறுக்கினால் தண்ணீர் அழுவதில்லை,
வழி தேடும்.
நண்டு வளை போதும் அதற்கு.
பிசானத்துக்கு நடவு நடக்கும் ராத்திரிகளில்
மனுசனும் கூடச் சேர்ந்து உடைத்துவிடுவான்.

முதல் மாத்திரையோடு இன்னொன்று.
பக்கத்துக் காலுக்கென்றே செய்தது,
இன்னும் ஆராய்ச்சியில் இருப்பது.
பதினெட்டுப் பக்கம் தமிழில் அச்சடித்துக் கொடுத்தார்கள்.
"எப்போது வேண்டுமானாலும் விலகிக்கொள்ளலாம்"
அந்த வரியை ஆவுடையம்மாள் இரண்டு தரம் வாசிக்கச் சொன்னாள்.
"விலகி எங்க போக" என்றாள் பொறவு.
கையெழுத்துப் போட்டேன்.
நகக்கண் வெடித்திருந்தது, பேனா பிடிக்க வலித்தது.

மூன்றாம் வாரம் கால் வீங்கியது.
செருப்பு நுழையவில்லை.
விரலால் அமுக்கினால் குழி
சேற்றில் மாட்டுக் குளம்படி மாதிரி அப்படியே கிடந்தது.
"தண்ணி விடுறவன் காலுக்கே தண்ணி வந்துட்டு பாரு"
சிரித்தாள் ஆவுடை.
சிரித்துவிட்டு அடுக்களைக்குப் போனவள்
கொஞ்ச நேரம் வரவில்லை.

ரெண்டு ஷட்டரையும் அடியோடு இறக்கலாம்தான்.
பயிரும் குடிப்பது அதே தண்ணீர்.
எத்தனை திருகு என்பதில் இருக்கிறது வேலை முழுக்க.
டாக்டரிடம் இதைச் சொல்லலாம் என்று போனேன்.
அவர் ஏற்கெனவே அளவைக் குறைத்து எழுதி வைத்திருந்தார்.

ஒரு புள்ளி மறைந்தது.
ஒன்று உளுந்தளவில் நிற்கிறது.
"போயிரும்" என்று அவர் சொல்லவில்லை.
அது எனக்குப் பிடித்திருந்தது.
மூன்றாவதாக ஒரு கால் இருக்கும், இல்லாமலா.
நான் கேட்கவில்லை.
எங்கோ ஒரு மேசையில் யாரோ
சீட்டைத் திருப்பிப்போட்டு வரைந்துகொண்டிருப்பார்கள்.

இன்றைக்கு ராத்திரி முறை எனக்கு.
மணி பதினொன்றரை. கையில் டார்ச்.
மதகுக்குக் கீழே கரையில் ஒரு கசிவு,
நண்டுதான்.
வீங்கின காலால் மிதித்து அடைக்க முடியவில்லை.
குந்தி உட்கார்ந்து கையால் மண்ணை அப்பி
காது வைத்துக் கேட்டேன்.
நின்றிருந்தது.
விடியவும் ஒருக்கா வந்து பார்க்கணும்.

குறிப்பேட்டில் எழுதினேன்:
தலைமதகு, ரெண்டே கால் அடி.
ஷட்டர் இரண்டு. ஒன்று நாலு திருகு, ஒன்று மூணு.
கரை பார்வையில் இருக்கிறது.