ஐந்து நிமிட டைமர்

அனுப்பானடியில் மாடி வீடு.
ட்ரையர் ஓடத் தொடங்கினால்
கீழ்வீட்டு வெள்ளைத்தாய்
ஒட்டடைக் கம்பால் சீலிங்கை இடிப்பாள்.

மெக்கானிக் வந்து பார்க்கவே முந்நூறாம்.
நானே இறங்கினேன்.

துணியில்லாமல் சுற்றவிட்டேன்: கரகர.
துணி போட்டேன்: கரகர, கூடவே தடதட.
ஆடிய காலுக்கு அட்டை மடித்துக் கொடுத்ததும்
தடதட அடங்கிவிட்டது.
கரகர அசையவில்லை.
அப்படியென்றால் இது ஆட்டமில்லை,
உரசல்.

பின்மூடிக்கு ஆறு திருகு.
துருவேறிய ஒன்று தேங்காய் எண்ணெய் குடித்துத்தான் இறங்கியது.
முத்திருளன் டார்ச் பிடித்தான்,
நான் பார்க்காத இடமாகப் பார்த்து.

உள்ளே பென்சில் சீவியதுபோல் கறுப்புத் தூள்.
மூடியிலிருந்து வரும் பிரேக் கம்பி தொய்ந்து
நிற்கும்போது பிடிக்கவேண்டிய கட்டை
ஓடும்போதும் விடாமல் பிடித்திருக்கிறது,
எத்தனை மாதமோ.

டவுன்ஹால் ரோட்டில் புதுக் கட்டை தொண்ணூறு ரூபாய்.
கம்பியை ஒரு துளை இழுத்து மாட்டினேன்.

இப்போது சுற்றுகிறதா என்று
தொட்டுப் பார்க்க வேண்டியிருக்கிறது.
கம்பும் இடிக்கவில்லை.

அவன் தங்கச்சி வளைகாப்புக்கு வாங்கிய கடன்,
மூழ்கிப்போன என் சங்கிலி,
எல்லாவற்றையும் இதுவரை
அந்த ஐந்து நிமிடத்துக்குள்தான் கத்தித் தீர்ப்போம்.

இன்றும் டைமரைத் திருகியதும்
வட்டிக் கணக்கை ஆரம்பித்தான்.
மூன்றாவது வார்த்தையில்
தன் குரல் தனக்கே கேட்டு
நிறுத்திக்கொண்டான்.

கீழே,
வெள்ளைத்தாய்
டிவி சத்தத்தைக் குறைத்தாள்.